அரை மில்லிமீட்டர் அலகு

பரிணாமம் என்றதும் கோடிக்கணக்கான ஆண்டுகள், பாறைக்குள் புதைந்த எலும்புகள், யாரும் கண்ணால் பார்க்க முடியாத ஏதோ ஒன்று என்றுதான் பலர் மனதில் தோன்றும். பள்ளிப் பாடமும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. ஆனால் ஒரு சிறு தீவில், ஒரே ஒரு குருவியினத்தில், இரண்டே ஆண்டுகளுக்குள் இயற்கைத் தேர்வு நடந்து முடிந்ததை ஆட்கள் கூடவே இருந்து அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். முதன்முதலாக இதைப் புரிந்துகொள்ள வருபவர்களுக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம். டைனோசரையும் குரங்கையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு அந்தத் தீவுக்குப் போவோம்.

தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலில் கலாபகோஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. எரிமலைக் குழம்பு இறுகி எழுந்த தீவுகள். அவற்றில் ஒன்று டாஃப்னி மேஜர். பரப்பளவு அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. குடியிருப்பு கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது, படகை ஒதுக்க மணற்கரையும் கிடையாது. பாறை விளிம்பில் கால் வைத்துத் தாவி ஏற வேண்டும். 1973 முதல் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி ஆண்டுதோறும் அங்கே போய்க் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அவர்களும் அவர்களுடைய மாணவர்களும் குருவிகளை வலை கட்டிப் பிடிப்பார்கள். எடை, இறக்கையின் நீளம், அலகின் நீளம், அகலம், தடிமன் எல்லாவற்றையும் அளப்பார்கள். காலில் எண் பொறித்த வளையமும் வண்ண வளையங்களும் மாட்டிப் பறக்க விடுவார்கள். எந்தக் குஞ்சு எந்த ஜோடிக்குப் பிறந்தது, வளர்ந்து எதனோடு கூடு கட்டியது, எத்தனை குஞ்சு பொரித்தது, எந்த ஆண்டு காணாமல் போனது என்று ஒவ்வொரு பறவைக்கும் கணக்கு. ஏறக்குறைய 40 ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. இவ்வளவு பொறுமையான வேலையை நினைத்தாலே எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

அவர்கள் அதிகம் கவனித்தது நடுத்தரத் தரைக்குருவி என்ற இனம். நம் சிட்டுக்குருவியைவிடச் சற்று எடை குறைவு. விதை பொறுக்கித் தின்று வாழ்வது. இந்த இனத்தில் எல்லாக் குருவிக்கும் அலகு ஒரே அளவில் இருப்பதில்லை. அலகின் அடிப்பகுதியில் மேலிருந்து கீழாக அளந்தால் ஒன்றுக்கு 8 மில்லிமீட்டர் இருக்கும், இன்னொன்றுக்கு 11 இருக்கும். நல்ல மழை பெய்து விதை கொட்டிக் கிடக்கும் காலத்தில் இந்த வித்தியாசத்தால் யாருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. எல்லாமே சிறிய, மெல்லிய விதைகளைத்தான் தேடித் தின்னும்.

1977இல் மழை பொய்த்தது. முந்தைய ஆண்டு மழைக்காலத்தில் 130 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்த இடத்தில் அந்த ஆண்டு 24 மில்லிமீட்டர்தான். செடிகள் காய்க்கவில்லை. தரையில் கிடந்த சிறு விதைகளைக் குருவிகள் சில மாதங்களில் தின்று தீர்த்தன. மிஞ்சியது கடினமான விதைகள். அதில் முக்கியமானது நம் வயல்வரப்பில் செருப்பைத் துளைக்கும் நெருஞ்சிக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் காய். காய்ந்ததும் துண்டு துண்டாகப் பிரியும், ஒவ்வொரு துண்டிலும் கூரிய முள் நீட்டிக்கொண்டிருக்கும், விதைகள் மரக்கட்டை போன்ற ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும். பெரிய அலகுள்ள குருவி அந்தத் துண்டை வாயில் கவ்வி, ஓரத்தை நெரித்துத் திருகி உடைத்து உள்ளிருக்கும் விதையை எடுத்துவிடும். சிறிய அலகுள்ளவை முயன்று பார்த்துக் கைவிட்டன, பல முயலவே இல்லை.

அந்த ஆண்டு அந்த இனம் இனப்பெருக்கமே செய்யவில்லை. ஏறத்தாழ 1,200 குருவிகள் இருந்த இடத்தில் ஆண்டு முடிவதற்குள் 200க்கும் குறைவாகவே எஞ்சின. அதாவது நூற்றுக்கு 85 செத்துவிட்டன. இதுவரை இது வறட்சியின் சோகக் கதை மட்டும்தான். எஞ்சியவற்றின் அளவுகளைப் பழைய குறிப்பேட்டோடு ஒப்பிட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. வறட்சிக்கு முன் அலகின் சராசரித் தடிமன் சுமார் 9.4 மில்லிமீட்டர். பிழைத்தவற்றின் சராசரி அதைவிட அரை மில்லிமீட்டர் கூடுதல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இயற்கைத் தேர்வு முழுவதும் இங்கேதான் இருக்கிறது, தவறாகப் புரிந்துகொள்வதும் இங்கேதான் தொடங்குகிறது. அந்த ஆண்டில் எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை. கடினமான விதையைக் கடித்துக் கடித்து யாருடைய அலகும் தடிக்கவில்லை. தேவை வந்துவிட்டதே என்று எந்தப் பறவையின் உடலும் மாறிக்கொள்ளவில்லை. 9 மில்லிமீட்டர் அலகோடு இருந்த குருவி 9 மில்லிமீட்டர் அலகோடுதான் செத்தது. 10.5 மில்லிமீட்டர் அலகோடு இருந்தது அதே அலகோடுதான் பிழைத்தது. மாறியது எது? கூட்டத்தின் சராசரி. தனித்தனிக் குருவிகள் மாறாமலே குருவிக் கூட்டம் மாறிவிட்டது.

மணல் சலிக்கிற சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். சல்லடை எந்தக் கல்லின் அளவையும் மாற்றுவதில்லை, எந்தக் கல்லையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுமில்லை. ஆனாலும் சலித்து முடித்தபின் மேலே தங்கியிருக்கும் கற்களின் சராசரி அளவு வேறு. 1977இன் வறட்சி அப்படியொரு சல்லடை. ஆனால் சல்லடையில் தங்கிய கற்கள் குட்டி போடுவதில்லை. உயிர்கள் போடுகின்றன. மீதிக் கதை அந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

1978இல் மழை வந்தது. பிழைத்த குருவிகள் ஜோடி சேர்ந்து குஞ்சு பொரித்தன. வறட்சியில் ஆண்களைவிட உடல் சிறிய பெண்கள் அதிகம் செத்திருந்ததால் ஆண்கள் பல மடங்கு மிஞ்சியிருந்தன. அவற்றில் சிலவற்றுக்கே ஜோடி கிடைத்தது. குஞ்சுகள் வளர்ந்தபின் அலகை அளந்து பார்த்தார்கள். வறட்சிக்கு முந்தைய கூட்டத்தைவிடப் புதிய தலைமுறையின் அலகு 4, 5 சதவீதம் பெரிதாக இருந்தது. பெரிய அலகுள்ள பெற்றோருக்குப் பெரிய அலகுள்ள குஞ்சுகளே பிறக்கின்றன என்பதைக் கிராண்ட் குழுவினர் முன்பே குடும்பம் குடும்பமாக அளந்து உறுதிசெய்திருந்தார்கள். அதனால்தான் ஒரு தலைமுறையின் சாவுக் கணக்கு அடுத்த தலைமுறையின் உடலில் தெரிந்தது. முதலில் நடந்தது இயற்கைத் தேர்வு. அது அடுத்த தலைமுறைக்குக் கடந்து வந்ததுதான் பரிணாமம்.

கதை அங்கே முடிந்திருந்தால் "பெரிய அலகே சிறந்தது, குருவிகள் முன்னேறிவிட்டன" என்று யாராவது சொல்லிவிடலாம். 1982 கடைசியில், பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகி வானிலையையே புரட்டிப்போடும் எல் நினோ வந்தது. 1983 பாதி வரை மழை விடாமல் கொட்டியது. வழக்கத்தைப் போலப் பத்து மடங்கு. தீவு முழுக்கக் கொடி படர்ந்து நெருஞ்சியை மூடிவிட்டது. தரையெங்கும் சிறிய, மெல்லிய விதைகள். அதற்குப் பின் மீண்டும் வறட்சி வந்தபோது கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் சிறு விதைகள்தான். இந்த முறை சிறிய அலகுள்ளவை அதிகம் பிழைத்தன. சிறு விதையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெரிய உடம்பை நிரப்புவது பெரிய குருவிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. சராசரி திரும்பிக் கீழே இறங்கியது. ஏழெட்டு ஆண்டு இடைவெளியில் அதே தீவில், அதே இனத்தில், தேர்வு ஒரு திசையில் போய் மறு திசையில் திரும்பிவிட்டது.

மூன்றாவது முறையும் ஒன்று நடந்தது. 1982இல் பெரிய தரைக்குருவி என்ற இன்னோர் இனம் அந்தத் தீவில் குடியேறியது. அதன் அலகு இன்னும் பெரியது, நெருஞ்சிக் காயை அது அனாயாசமாக உடைக்கும். 2004, 2005இல் வறட்சி வந்தபோது கடின விதைகளைப் புதியவர்கள் காலி செய்துவிட்டார்கள். நடுத்தரத் தரைக்குருவியில் பெரிய அலகோடு இருந்தவைதான் இந்த முறை அதிகம் செத்தன. 1977இல் உயிர்காத்த அதே பெரிய அலகு இப்போது உயிரைக் குடித்தது. அலகின் அளவை நிர்ணயிப்பதில் பங்குள்ள மரபணு ஒன்றைப் பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவின் சிறிய அலகுக்கான வடிவம் இந்த வறட்சிக்குப் பின் கூட்டத்தில் பெருகியிருந்ததையும் காட்டினார்கள். குறிப்பேட்டில் இருந்த மில்லிமீட்டர் கணக்கு மரபணுவிலும் ஒத்துப்போனது.

மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்தால்

குருவிகளை விட்டுவிட்டு இயங்குமுறையை மட்டும் பார்ப்போம். ஒரு கூட்டத்தில் உள்ள உயிர்கள் ஒன்றுபோல் இல்லாமல் வேறுபட வேண்டும். அந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டும். அந்த வேறுபாட்டைப் பொறுத்துச் சிலவற்றுக்குப் பிள்ளைகள் அதிகமாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் மிஞ்ச வேண்டும். இந்த மூன்றும் ஓரிடத்தில் கூடிவிட்டால் கூட்டம் மாறியே தீரும். அதைத் தடுக்கத்தான் தனியாக ஏதாவது காரணம் வேண்டும். இதில் எங்கேயும் திட்டமில்லை, நோக்கமில்லை, தேர்ந்தெடுக்கிற ஆளில்லை.

பிள்ளைகள் எல்லாம் ஏன் மிஞ்சுவதில்லை என்பதை டார்வின் யானையை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். உலகிலேயே மிக மெதுவாகப் பெருகும் விலங்கு என்று அவர் கருதியது யானையை. ஒரு யானை 30 வயதில் ஈனத் தொடங்கி 90 வயது வரை மொத்தம் ஆறு குட்டிதான் போடுகிறது, எல்லாக் குட்டியும் பிழைக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரே ஒரு ஜோடியின் வம்சம் 740, 750 ஆண்டுகளில் ஏறத்தாழ 1.9 கோடியாகிவிடும். யானைக்கே இந்தக் கணக்கு என்றால் மீனுக்கும் கொசுவுக்கும் சொல்லவே வேண்டாம். பூமி யானையால் நிரம்பவில்லை என்பதிலிருந்தே தெரிகிறது, பிறப்பவற்றில் பெரும்பகுதி பிள்ளை பெறும் முன் போய்விடுகிறது. யார் போகிறார்கள், யார் மிஞ்சுகிறார்கள் என்பது முற்றிலும் அதிர்ஷ்டத்தால் மட்டுமே முடிவாவதில்லை என்ற இடத்தில் தேர்வு நுழைகிறது.

டார்வின் கலாபகோஸுக்குப் போனது 1835இல், பீகிள் கப்பலில். தங்கியது ஐந்து வாரம்தான். அப்போது அந்தக் குருவிகளை அவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. எந்தக் குருவி எந்தத் தீவில் பிடித்தது என்றுகூடச் சரியாகக் குறித்து வைக்கவில்லை. லண்டன் திரும்பியபின் 1837இல் பறவையியலாளர் ஜான் கூல்ட் பார்த்துவிட்டு, இவை எல்லாம் நெருங்கிய உறவுள்ள தனித்தனி இனங்கள் என்று சொன்னார். அதன்பின் டார்வின் இருபது ஆண்டுகளுக்கு மேல் யோசித்தார், சான்று சேர்த்தார். 1858இல் இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் பூச்சியும் பறவையும் சேகரித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் இதே கருத்து இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று இருவர் பெயரிலும் லண்டன் லின்னேயன் கழகத்தில் கட்டுரை வாசிக்கப்பட்டது. மறு ஆண்டு டார்வினின் நூல் வந்தது. வாலஸின் பெயர் இன்று அவ்வளவாகப் பேசப்படாதது எனக்கு வருத்தம். வசதியில்லாத குடும்பத்தில் பிறந்து, பிடித்த பூச்சிகளை விற்று வாழ்ந்துகொண்டே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது

டார்வினுக்கு விடை தெரியாமல் போன கேள்வி இது. இன்று தெரியும். உயிரின் செய்முறைக் குறிப்பு முழுவதும் டி.என்.ஏ. என்ற நீண்ட மூலக்கூறில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் அது படியெடுக்கப்படுகிறது. படியெடுப்பது வியக்கத்தக்க அளவுக்குத் துல்லியமாக நடந்தாலும் நூறு சதவீதம் அல்ல. மனிதக் குழந்தை ஒவ்வொன்றும் தாய் தந்தை இருவரிடமும் இல்லாத 60, 70 புதிய எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது. இதைப் படிக்கும் உங்களிடமும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றால் எந்தப் பாதிப்பும் இல்லை. சில கெடுதல் செய்யும். மிகச் சில, அந்த இடத்தில் அந்தக் காலத்தில் உதவியாக அமையும். இதோடு தாயின் பாதியும் தந்தையின் பாதியும் ஒவ்வொரு பிள்ளையிலும் வேறு வேறு விதமாகக் கலப்பதால்தான் கூடப்பிறந்தவர்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

இந்த மாற்றங்கள் தேவையைப் பார்த்து வருவதில்லை. தற்செயலாக வருகின்றன. அதனால்தான் "எல்லாமே தற்செயல் என்றால் கண் போன்ற ஓர் உறுப்பு எப்படி உண்டாகும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மாற்றம் வருவது தற்செயல். எது மிஞ்சிப் பெருகுகிறது என்பது தற்செயல் அல்ல. 1977இல் எந்தக் குருவிக்குப் பெரிய அலகு வாய்த்திருந்தது என்பதில் திட்டம் இல்லை, ஆனால் பிழைத்தவை பெரிய அலகுள்ளவையாக இருந்ததற்குத் தெளிவான காரணம் இருந்தது. கண்ணும் ஒரே நாளில் முழுசாக வந்துவிடவில்லை. குளத்து நீரில் வாழும் பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் காட்டும் சிறு குழிகள் இருக்கின்றன. நாட்டிலஸ் என்ற கடல்வாழ் உயிரியின் கண்ணில் லென்ஸ் கிடையாது, ஊசித்துளை வழியே மங்கலான உருவம் விழுகிறது. இரண்டும் அரைகுறையாக நின்றுபோன கண்கள் அல்ல. அந்தந்த உயிருக்கு இன்றைக்கும் வேலை செய்கிற கண்கள். கொஞ்சம் பார்வை, பார்வையே இல்லாததைவிட மேல். இன்னும் கொஞ்சம் கூடினால் அதைவிட மேல். ஒவ்வொரு படியும் தன் காலத்தில் பயன்பட்டதால் நின்றது, நின்றதன் மேல் அடுத்தது வந்தது.

வலுத்தவன் வெல்வதல்ல

இயற்கைத் தேர்வு என்றால் பலசாலி பலவீனனை அழிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொண்டு மனிதர்களிடையே ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்தியவர்களும் வரலாற்றில் இருந்திருக்கிறார்கள். அது அறிவியலும் இல்லை, அறமும் இல்லை. தேர்வுக்கு வலிமை ஒரு பொருட்டே அல்ல. எத்தனை பிள்ளை மிஞ்சியது என்ற ஒன்றுதான் கணக்கு.

மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. கோரோங்கோசா தேசியப் பூங்காவில் இருந்த யானைகளில் 90 சதவீதத்துக்கு மேல் தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் கொல்லப்பட்டன. ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. பிறவியிலேயே தந்தமில்லாத பெண் யானைகளைச் சுடுவதில் வேட்டைக்காரர்களுக்கு லாபம் இல்லை. போருக்கு முன் பெண் யானைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த தந்தமில்லாதவை, போருக்குப் பின் பாதியளவுக்கு வந்துவிட்டன. போர் முடிந்தபின் பிறந்த பெண் குட்டிகளிலும் தந்தமில்லாதவை நிறைய. தந்தம் யானைக்கு ஆயுதம், மரப்பட்டையை உரிக்கவும் நீருக்காக மண்ணைத் தோண்டவும் கருவி. அந்த வலிமையே உயிருக்கு உலை வைத்தது. இதில் இன்னொரு கொடுமை: தந்தமில்லாமைக்குக் காரணமான மரபணு மாற்றம் ஆண் கருவில் இருந்தால் அது வயிற்றிலேயே இறந்துவிடுவதாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்க வேண்டிய ஆண் குட்டிகளில் பாதி போய்விடும். அவ்வளவு பெரிய நட்டத்தோடும் அந்த மாற்றம் பரவியிருக்கிறது. இயற்கைத் தேர்வு நாளையைப் பார்ப்பதில்லை. துப்பாக்கி இருந்த அன்றைக்கு எது மிஞ்சியதோ அதுதான் பெருகியது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று நீலகிரியில் இருக்கிறது. அங்குள்ள பழங்குடி மக்களிடம் அரிவாள் வடிவச் சிவப்பணுக்களுக்குக் காரணமான மரபுப் பண்பு இருப்பது 1952இல் வெளியான ஆய்வில் பதிவானது. ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாறிய வடிவத்தைப் பெற்ற குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்து, உயிர்போகும் வலியையும் ரத்தசோகையையும் தருகின்றன. இவ்வளவு கொடிய நோயைத் தரும் மரபணுவைத் தேர்வு ஏன் துடைத்தெறியவில்லை? பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவர்களுக்குப் பொதுவாக நோய் வருவதில்லை. மாறாக, கடுமையான மலேரியாவிலிருந்து பெருமளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஆந்தனி ஆலிசன் 1954இல் இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டினார். மலேரியா தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைக் கொன்ற காட்டுப் பகுதிகளில், அந்த மாறிய வடிவத்தின் ஒரே ஒரு படியை வைத்திருந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் இரண்டு படிகளைப் பெற்று நோயில் விழுந்தார்கள். ஒரு பக்கம் கிடைத்த லாபமும் மறுபக்கம் நேர்ந்த இழப்பும் சமநிலைக்கு வந்த இடத்தில் அந்த மரபணு நின்றுவிட்டது. இது நல்ல மரபணுவா, கெட்டதா என்று கேட்டால் எந்த ஊரில், எந்தக் காலத்தில், எத்தனை படி என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. கொசு இல்லாத ஊரில் அதற்குக் கெடுதல் முகம் மட்டும்தான்.

தேர்வால் எல்லாம் செம்மையாகிவிடும் என்பதும் சரியல்ல. சாப்பிடும்போது பேசினால் நமக்குப் புரையேறுகிறது. மூச்சுக்குழலும் உணவுக்குழலும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கிடுவதால் வருகிற தொல்லை. புதிதாக வரைந்து கட்டுகிற பொறியாளர் யாரும் இப்படி வைக்க மாட்டார். நீரில் வாழ்ந்த நம் மூதாதையரின் உடலமைப்பின் மேல்தான் பிற்பாடு வந்த எல்லாம் ஒட்டுப்போட்டு வந்தன. பழையதைப் பிரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும் வசதி உயிர்களுக்குக் கிடையாது, ஏனென்றால் நடுவில் எந்தத் தலைமுறையும் மூச்சு விடாமல் இருக்க முடியாது.

இனிமேல் குரங்குக்கு வரலாம். "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?" என்ற கேள்வி கேட்காத வகுப்பறை இருக்காது. இன்றைய குரங்கிலிருந்து நாம் வரவில்லை. நமக்கு மிக நெருக்கமான சிம்பன்சிக்கும் நமக்கும் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொதுவான மூதாதையர் கூட்டம் ஒன்று இருந்தது. அது சிம்பன்சியும் இல்லை, மனிதனும் இல்லை. அந்தக் கூட்டம் பிரிந்தது, பிரிந்த கிளைகள் வேறு வேறு சூழலில் வேறு வேறு திசையில் மாறின. சிம்பன்சியும் அதே 60, 70 லட்சம் ஆண்டுகள் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. மனிதனாகும் வழியில் பாதியில் நின்றுவிடவில்லை. கலாபகோஸில் நடந்ததும் இதுதான். எப்போதோ பெருநிலத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரே மூதாதையினத்தின் வாரிசுகள் தீவு தீவாகப் பிரிந்தன. இன்று ஏறத்தாழ 18 இனங்கள். கள்ளிச்செடியில் தேன் குடிப்பது ஒன்று, முள்ளையோ குச்சியையோ அலகில் பிடித்து மரத்துளையிலிருந்து புழுவைக் கிளறி எடுப்பது இன்னொன்று. அரை மில்லிமீட்டர் இங்கே, அரை மில்லிமீட்டர் அங்கே என்று போனவை, கடல் நடுவில் இருந்து கலக்க விடாமல் தடுத்ததால், காலப்போக்கில் வேறு இனங்களாகவே நின்றுவிட்டன.

இது எல்லாம் தெரிந்து நமக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்குக் காசநோய் சிகிச்சையைத்தான் சொல்வேன். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து 1943இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, காசநோய்க்கு விடிவு வந்துவிட்டது என்று உலகம் மகிழ்ந்தது. பிரிட்டனில் நடந்த முதல் முறையான பரிசோதனையில் நோயாளிகள் முதல் சில மாதங்களில் நன்றாகத் தேறினார்கள். பிறகு பலர் மீண்டும் விழுந்தார்கள். அவர்கள் நுரையீரலில் இருந்த கிருமிகளை இப்போது அந்த மருந்து தொடவே இல்லை. மருந்துதான் கிருமியை மாற்றியது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் டாஃப்னி மேஜரில் வறட்சி அலகை வளர்க்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். மருந்து கொடுப்பதற்கு முன்பே கோடிக்கணக்கான கிருமிகளிடையே அந்த மருந்துக்குச் சாகாத ஒன்றிரண்டு தற்செயலாக இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்றது. இடம் காலியானது. மிஞ்சியவை பெருகின.

இதைப் புரிந்துகொண்டதும் வழியும் தெரிந்தது. தோராயமாகச் சொன்னால், ஐசோனியசிட் என்ற மருந்துக்குச் சாகாத கிருமி பத்து லட்சத்தில் ஒன்று இருக்கும். ரிஃபாம்பிசினுக்குச் சாகாதது பத்துக் கோடியில் ஒன்று. ஒருவர் நுரையீரலில் உள்ள கிருமிகளின் எண்ணிக்கைக்கு இவை தனித்தனியே எளிதாகக் கிடைத்துவிடும். இரண்டுக்கும் சேர்த்துச் சாகாத ஒரே கிருமி வேண்டுமானால் இரண்டு வாய்ப்புகளையும் பெருக்க வேண்டும். பத்து லட்சத்தைப் பத்துக் கோடியால் பெருக்கினால் கோடியைக் கோடியால் பெருக்கிய எண்ணிக்கை வந்துவிடும், அத்தனை கிருமிகள் யார் நெஞ்சிலும் இருப்பதில்லை. அதனால்தான் இன்று காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், வழக்கமான சிகிச்சை மொத்தம் ஆறு மாதம் போகிறது. இரண்டாம் மாதமே இருமல் நின்று, எடை கூடி, உடம்பு தேறிவிடும். ஆனால் மெதுவாகப் பெருகும் கிருமிகள் அப்போதும் உள்ளே இருக்கும். அந்த நேரத்தில் மாத்திரையை விட்டுவிட்டாலோ, இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டாலோ, கிருமிகளில் எது அரைகுறை மருந்துக்குத் தாக்குப்பிடிக்கிறதோ அது அந்த நெஞ்சில் பெருகி, இருமும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் போய்ச் சேரும்.